வேலிக்கு வெளியே ஒரு மேன்ஹோல்

சாலைக்கு அடியில் ஓடும் பாதாள சாக்கடை நகராட்சியின் சொத்து. அதில் வந்து விழுவதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டிலிருந்தோ ஆலையிலிருந்தோ வருவது. குழாய் அடைத்துக்கொண்டாலும், வெடித்தாலும், ஆற்றில் மலநீர் கலந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நகராட்சி; காரணமோ பூட்டிய கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. அந்தக் கேட்டை ஆய்வாளர் தாண்டலாமா, எப்போது தாண்டலாம், தாண்டாமலே வேலையை முடிக்க வழியுண்டா என்று நீதிமன்றத்திலும் தெருவிலுமாக நெடுங்காலம் அலசிய நாடு அமெரிக்கா. தீர்ப்புகளைப் படித்தால் இது அந்தரங்க உரிமை பற்றிய வழக்காகத் தெரியும். களத்தில் நின்று பார்த்தால் பாதிக்கு மேல் மேன்ஹோலை எந்த இடத்தில் வைப்பது என்ற பிரச்சினைதான்.

உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வருகிறது? வீடுகளைப் பொறுத்தவரை, மழையிலிருந்து. 140 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்துக்கு 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,500 லிட்டர் தண்ணீர் இறங்கும். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 230 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாள் கழிவுநீர் 920 லிட்டர். கூரையின் மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் இணைப்பில் செருகியிருக்கும் வீடு, ஏறத்தாழ நாலு நாள் கழிவுநீரை ஒரே மணி நேரத்தில் சாக்கடைக்குள் தள்ளுகிறது. அப்படி ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால், தாழ்வான இடத்தில் இருக்கும் பதினோராவது வீட்டுக்காரரின் குளியலறைத் தரையில் மலநீர் பொங்கும். தப்பு செய்தவர் ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு. சென்னையில் முற்றத்தில் மழைத் தண்ணீர் தேங்கினால் சேம்பர் மூடியைத் தூக்கிவிடும் பழக்கம் நமக்குத் தெரியும். அங்கே அதே வேலையை ஒரு குழாய் ஆண்டு முழுக்கச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

ஆலைகளைப் பொறுத்தவரை, ரசாயனம். 1981 பிப்ரவரி 13 அதிகாலையில் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் இரண்டு மைலுக்கும் மேற்பட்ட தெருக்கள் வரிசையாக வெடித்துப் பள்ளமாயின. ரால்ஸ்டன் பியூரினா நிறுவனத்தின் சோயா ஆலையில் எண்ணெய் பிரிக்கப் பயன்படும் ஹெக்சேன் சாக்கடைக்குள் போயிருந்தது. ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்துபோகாமல் குழாய்க்குள்ளேயே தவழ்ந்து பரவும். காற்றில் வெறும் 1.1 சதவீதம் இருந்தாலே தீப்பற்றும். மேலே சென்ற ஒரு காரின் பொறி போதுமானதாக இருந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் போனதற்கு முக்கியக் காரணம், விடியாத நேரம் என்பதுதான். அதே ஊரில் 1977இல் பூச்சிக்கொல்லித் தயாரிப்பு சார்ந்த ரசாயனக் கழிவை யாரோ சாக்கடையில் கொட்ட, சுத்திகரிப்பு நிலையத் தொழிலாளர்கள் நோயுற்று, நிலையமே மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அத்தனை நாளும் நகரத்தின் மலநீர் அப்படியே ஒஹாயோ ஆற்றில் போனது.

கதவைத் தட்டும் உரிமை

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கிறது. அது போலீசுக்கு மட்டும்தானா, எலி பார்க்க வரும் சுகாதார ஆய்வாளருக்கும் உண்டா? 1959இல் பால்டிமோர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ஆய்வாளர் பக்கம் நின்றது. எலித்தொல்லையின் மூலத்தைத் தேடி வந்தவரை உள்ளே விட மறுத்த வீட்டுக்காரருக்கு விதித்த 20 டாலர் அபராதம் 5க்கு 4 என்ற கணக்கில் உறுதியானது.

எட்டே ஆண்டில் நிலைமை தலைகீழானது. சான் பிரான்சிஸ்கோவில் 1963 நவம்பர் 6 அன்று அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுக்கு ஆண்டு ஆய்வுக்கு வந்த வீட்டுவசதி ஆய்வாளர், தரைத்தளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த ரோலண்ட் கமாரா அதன் பின்பகுதியில் குடியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு உள்ளே பார்க்கக் கேட்டார். வாரன்ட் இல்லாமல் முடியாது என்றார் கமாரா. 8ஆம் தேதியும் வந்தார்கள், 22ஆம் தேதியும் வந்தார்கள், பதில் மாறவில்லை. அனுமதி மறுத்ததையே குற்றமாக்கிக் கைது செய்தார்கள். 1967 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று கமாரா பக்கம் தீர்ப்பளித்தது. அதே நாளில் சியாட்டிலில் பூட்டிய கிடங்கைத் தீயணைப்பு ஆய்வுக்குத் திறக்க மறுத்தவர் வழக்கிலும் அதே முடிவு. வீடானாலும் வணிக இடமானாலும், உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் வாரன்ட் வேண்டும். வாரன்ட் இல்லாமல் மறுத்ததற்காகத் தண்டிக்க முடியாது.

ஆய்வாளர்களின் கையைக் கட்டிப்போட்ட தீர்ப்பு என்று இதைச் சொல்வதுண்டு. தீர்ப்பின் பிற்பாதியை வாசிக்காமல் சொல்வது அது. அந்தக் குறிப்பிட்ட வீட்டில் தவறு நடக்கிறது என்ற ஆதாரம் வாரன்ட்டுக்குத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கடைசி ஆய்வு நடந்து எவ்வளவு காலமாயிற்று, கட்டடம் எப்படிப்பட்டது, அந்தப் பகுதி முழுவதும் என்ன நிலையில் இருக்கிறது என்பவையே போதும். ‘இந்தப் பேட்டையில் 1940களில் போட்ட மண்குழாய், மழை நாளில் இந்த மேன்ஹோலில் ஓட்டம் பல மடங்காகிறது, எல்லா வீட்டையும் வரிசையாகப் பார்க்கத் திட்டம் வைத்திருக்கிறோம்’ என்று ஓட்டமானியின் கணக்குடன் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் நீதிபதி கையெழுத்துப் போடலாம். ஆக, வாரன்ட் கிடைப்பது பெரிய பாடில்லை. திட்டம் எதுவும் இல்லாமல், யாரோ பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஒரே ஒரு வீட்டை மட்டும் குறிவைக்கும்போதுதான் சிக்கல்.

கலிஃபோர்னியா இதற்கென்றே தன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1822.50 முதல் ஒரு பகுதி வைத்திருக்கிறது. ஆய்வு வாரன்ட் அதிகபட்சம் 14 நாள் செல்லும், நீட்டித்தால் ஒழிய. நீதிபதி தனியாக அனுமதிக்காமல் காலை 8 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போகக் கூடாது. 24 மணி நேரம் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதபோது நுழையவும் பூட்டை உடைக்கவும் நீதிபதி தனியாக அனுமதித்திருக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகு தடுத்தால்தான் தடுத்தவர் மேல் குற்றம். மலநீர் பொங்கி வழியும்போதோ, மேன்ஹோலில் வெடிக்கும் அளவு வாயு இருக்கும்போதோ இதெல்லாம் பொருந்தாது. அவசர நிலைக்கு வாரன்ட் தேவையில்லை என்று கமாரா தீர்ப்பே விலக்கு வைத்திருக்கிறது.

ஆலை கேட்டில் முதல் 15 நிமிடம்

ஆலைகள் விஷயத்தில் கதை வேறு. 1972இன் தூய நீர்ச் சட்டமும், அதன்கீழ் 1978இல் வந்த முன்-சுத்திகரிப்பு விதிகளும் (ஆலை தன் கழிவைச் சாக்கடையில் விடுமுன் எவ்வளவு சுத்தமாக்க வேண்டும் என்பவை) நகராட்சி கையில் நேரடி அதிகாரம் கொடுத்தன. கொடுத்தன என்பதைவிட, வைத்திருந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தின எனலாம். நாளொன்றுக்கு 50 லட்சம் கேலனுக்கு மேல் சுத்திகரிக்கும் அமைப்பு, தன் ஆலைகளின் கழிவு சுத்திகரிப்பைக் கெடுக்குமானால், கண்காணிப்புத் திட்டம் நடத்த வேண்டும். கழிவு வெளிவரும் இடம், ஆலையின் சொந்தச் சுத்திகரிப்பு அமைப்பு, பதிவேடு இருக்கும் இடம் எதற்குள்ளும் நுழையும் அதிகாரம் அதன் சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மீறலுக்கு நாளொன்றுக்கு 1,000 டாலராவது அபராதம் கேட்கும் சக்தியும் இருக்க வேண்டும்.

தினம் 25,000 கேலனோ அதற்கு மேலோ தொழில் கழிவுநீர் விடும் ஆலை, மின்முலாம் பூசுவது போன்ற பட்டியலிட்ட தொழில்கள், நிலையத்தின் கொள்ளளவில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் நிரப்பும் ஆலை ஆகியவை முக்கியப் பயனாளர்கள். இவர்களை ஆண்டுக்கு ஒரு தடவையாவது பார்த்து மாதிரி எடுக்க வேண்டும். பதிவேடுகளை ஆலை மூன்று ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும்.

சாக்கடையில் கழிவு விட நகராட்சி தரும் அனுமதிச் சீட்டில் ‘எப்போது வந்தாலும் உள்ளே விடுவேன்’ என்று கையெழுத்துப் போட்டவர்தான் ஆலைக்காரர். இருந்தாலும் கேட்டில் என்ன நடக்கும் என்பது அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும். ‘மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார், உட்காருங்கள்’ என்று வரவேற்பறையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தால், பார்க்க வந்தது போய்விடும். முலாம் தொட்டியைக் கழுவும் வேலை நிற்கும், இல்லையென்றால் நன்னீர்க் குழாயை முழுக்கத் திறந்து கழிவை நீர்த்துப்போகச் செய்துவிடுவார்கள். இப்படி நீர்த்துப்போகச் செய்வதே விதிமீறல். ஆனால் மாதிரி பாட்டிலில் அது தெரியாது. தண்ணீர் மீட்டரை உள்ளே நுழைந்ததும் ஒரு தடவையும் கிளம்பும்போது ஒரு தடவையும் குறித்துக்கொள்ளும் ஆய்வாளருக்குத் தெரியும். நியாயமற்ற தாமதமே மீறல்தான் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2007ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம் சொல்வது இதற்காகத்தான்.

கேட்டில் நீட்டும் காகிதம் இன்னொன்று. உள்ளே விபத்து நடந்தால் கம்பெனி பொறுப்பல்ல என்று எழுதியிருக்கும். வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதலாம், இதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது முகமை தன் ஆய்வாளர்களுக்குச் சொல்லும் விதி. தலைக்கவசம், கண்ணாடி போட மறுப்பது வேறு. அதை மறுக்கவே கூடாது. தொழில் ரகசியம் என்று படம் எடுக்கத் தடை சொன்னால், ரகசியம் என்று முத்திரையிட்டு எடுத்துக்கொள்ளலாம். வெளியேறும் கழிவுநீர் பற்றிய அளவீடுகள் மட்டும் எந்த நிலையிலும் ரகசியமாகாது.

முடியவே முடியாது என்று மறுத்துவிட்டால்? வாக்குவாதம் கூடாது, ‘பெரிய சிக்கலில் மாட்டுவீர்கள்’ என்று மிரட்டவும் கூடாது. மிரட்டி வாங்கிய சம்மதம் நீதிமன்றத்தில் சம்மதமாகாது. யார் மறுத்தார், பதவி என்ன, சொன்ன வார்த்தை என்ன, மணி என்ன என்று அங்கேயே எழுதிக்கொண்டு, வெளியே வந்து நகர வழக்கறிஞரைக் கூப்பிட வேண்டும். அனுமதிச் சீட்டை ரத்து செய்யும் வழி ஒருபக்கம், வாரன்ட் ஒருபக்கம்.

இந்த இழுபறிக்கெல்லாம் பொறியாளர்கள் கண்ட வழி எளிமையானது. ஆலையின் தொழில் கழிவுநீர் மொத்தமும் தெருக் குழாயில் சேருமுன் ஒரே மேன்ஹோல் வழியாகப் போக வேண்டும். அந்த மேன்ஹோல் வேலிக்கு வெளியே, நடைபாதை ஓரமாக, ஆய்வாளர் எந்நேரமும் திறக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். ஆலையின் கழிப்பறைக் குழாய் அதில் சேரக் கூடாது. சேர்ந்தால் மாதிரி நீர்த்துப்போகும். ஓட்டம் அளக்க உள்ளே ஒரு அளவுத்தொட்டி இருக்கும். அதில் தானியங்கி மாதிரி எடுப்பானைத் தொங்கவிட்டு, உறிஞ்சுகுழாயின் வடிகட்டி முனையை ஓட்டத்தின் நடுவில், அடிமண்டியைத் தொடாமல் நிறுத்தி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக 24 மணி நேரம் சேர்ப்பார்கள். பாட்டிலைச் சுற்றிப் பனிக்கட்டி. மாதிரி 6 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. பி.ஹெச். எனும் அமிலத்தன்மை அளவு, சயனைடு, எண்ணெய்ப் பிசுக்கு, ஆவியாகும் கரைப்பான்கள் இவற்றுக்கு இப்படிச் சேர்த்த கூட்டு மாதிரி உதவாது; நின்று கையால் அள்ள வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் ஒட்டிக்கொள்ளும் எண்ணெய் ஆய்வகத்துக்குப் போய்ச் சேராது, ஆகவே கண்ணாடி பாட்டில். மூடியில் முத்திரை, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற தாள். இரவு 2 மணிக்கு யாரோ அமிலத் தொட்டியைத் திறந்துவிட்டாலும் பாட்டிலில் பதிவாகிவிடும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மேன்ஹோல் வேலிக்கு உள்ளே இருந்தால்? மாசசூசெட்ஸ் மாநிலம் நார்த்பிரிட்ஜில் பிளாஸ்டிக் பூசிய கம்பிவலை தயாரிக்கும் ரிவர்டேல் மில்ஸ் வழக்கு அதுதான். 1997இல் முகமையின் ஆய்வாளர்கள் வந்தார்கள். எங்கள் ஆள் கூட இருந்தால்தான் மாதிரி எடுக்கலாம் என்று நிபந்தனையோடு அனுமதித்தது கம்பெனி. அவர்கள் ஒருமுறை துணையில்லாமலே மேன்ஹோலைத் திறந்து எடுத்துவிட்டார்கள். கழிவின் பி.ஹெச். 5க்குக் கீழே என்று குற்ற வழக்கு போட்டார்கள்; கூட்டாட்சி விதிப்படி 5க்குக் குறைந்தால் எந்த ஆலையும் சாக்கடையில் விடக் கூடாது, கான்கிரீட்டையும் இரும்பையும் அரித்துவிடும். அளவீட்டுக் குறிப்புகளின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளாக, வழக்கை அரசுத் தரப்பு கைவிட்டது. கம்பெனி திருப்பி வழக்குப் போட்டது. 2004இல் முதல் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: மேன்ஹோல் இருக்கும் இடம் தனியாருடையது என்றே வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து சுமார் 300 அடியில் பொதுச் சாக்கடை, அந்தத் தண்ணீர் திரும்பி வர வழியே இல்லை, திரும்பி வராத கழிவில் யாருக்கும் அந்தரங்கம் இல்லை. தெருவோரத்தில் வைத்த குப்பைப் பைக்கு 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அதே தர்க்கம்.

ஆய்வாளர் ஜெயித்தார் என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டால் தவறான பாடம். ஏழு ஆண்டு வழக்கு, கைவிட்ட குற்றச்சாட்டு. நிபந்தனையை மதித்து ஒரு ஆளைக் கூட நிறுத்தி, குறிப்பேட்டைச் சுத்தமாக எழுதி, மாதிரியில் பாதியைக் கம்பெனிக்கே கொடுத்திருந்தால் சண்டைக்கு இவ்வளவு இடமிருந்திருக்காது.

உணவகங்கள் இடைநிலை. கொல்லைப்புறத்தில் புதைத்த கிரீஸ் தொட்டியில் மிதக்கும் கொழுப்பும் அடியில் படிந்த கசடும் சேர்ந்து நீராழத்தில் 25 சதவீதத்தைத் தொட்டால் காலி செய்ய வேண்டும் என்பது பல ஊர்களின் விதி. அதற்கு மேல் போனால் தொட்டியில் தண்ணீர் நிற்கும் நேரம் குறைந்து கொழுப்பு பிரியாமல் தெருக் குழாய்க்குப் போய்விடும். அளப்பதற்குக் கருவி, அடியில் அடைப்பான் உள்ள நீண்ட கண்ணாடித் தெளிவான பிளாஸ்டிக் குழாய். செங்குத்தாக இறக்கித் தூக்கினால் கொழுப்பு, தண்ணீர், கசடு மூன்றும் அடுக்காகத் தெரியும். 120 சென்டிமீட்டர் ஆழத்தில் மேலே 20, கீழே 10 என்றால் வரம்பில் நிற்கிறது. இங்கே கேட்டில் தகராறு அபூர்வம், மதியக் கூட்டம் நிரம்பிய நேரத்தில் போய் நிற்காதவரை.

புகை சொல்வதும் சொல்லாததும்

வீடுகளில் தெருவிலிருந்தே செய்யும் சோதனை புகைச் சோதனை. இரண்டு மேன்ஹோலுக்கு இடைப்பட்ட குழாயின் இரு முனையையும் மணல் மூட்டையால் ஓரளவு அடைத்து, மேன்ஹோல் வாய்மேல் ஊதுவிசிறியை வைத்து, நச்சில்லாத செயற்கைப் புகையைச் செலுத்துவார்கள். அது வீட்டு இணைப்புக் குழாய்கள் வழியாக ஏறி எங்கெங்கே ஓட்டையோ அங்கெல்லாம் வெளிவரும். கூரைமேல் நீட்டியிருக்கும் காற்றுக்குழாயில் புகை வந்தால் எல்லாம் சரி. மழைநீர்க் குழாயின் வாயில் வந்தால் கூரை நீர் சாக்கடையில் இணைந்திருக்கிறது. புல்தரையில் ஒரு கோடாகக் கசிந்தால் புதைத்த குழாய் விரிசல் விட்டிருக்கிறது. ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் தூரம் அளந்து குறிப்பார். வீட்டுக்குள் யாரும் காலெடுத்து வைப்பதில்லை.

கெட்டுப்போகும் விதங்களும் தெரிந்தவையே. மழை பெய்து மண் ஊறியிருந்தால் விரிசல் தண்ணீரால் அடைபட்டுப் புகை வராது. எனவே வறண்ட காலத்தில்தான் செய்ய வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் முன்பே கதவில் அறிவிப்பு மாட்டி, புழங்காத குளியலறைத் தரை வடிகாலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொல்ல வேண்டும். வடிகாலுக்கு அடியில் தண்ணீர் தங்கி வாயுவைத் தடுக்கும் வளைவை நம்மூர் பிளம்பர் நானி டிராப் என்பாரே, அது காய்ந்திருந்தால் புகை அறைக்குள் வந்துவிடும். அப்படி வந்தால் அது சோதனையின் கோளாறில்லை. அந்த வழியாகச் சாக்கடை வாயு தினமும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தினமும் காலையில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லாமல் தொடங்கினால் பத்தாவது நிமிடம் வண்டி வந்து நிற்கும்.

புகையால் தண்ணீரைத் தாண்ட முடியாது. டிராப் வழியாகவோ ஒருவழி அடைப்பான் வழியாகவோ இணைந்தது எதையும் அது காட்டாது. முக்கியமாக, சம்ப் பம்ப். சென்னைக்காரர்கள் சம்ப் என்றதும் குடிநீர்த் தொட்டியை நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் வீட்டின் அடியறையைச் சுற்றி ஊறும் நிலத்தடி நீர் ஒரு குழியில் சேரும். அதை இறைத்து வெளியே தள்ளுவது இந்த பம்ப். முற்றத்தில் விட்டால் குளிர்காலத்தில் உறைந்து பனிக்கட்டி மேடாகிவிடும் என்று பலர் குழாயைத் துணி துவைக்கும் தொட்டியில் விட்டுவிடுவார்கள். 8 அங்குலத் தெருக் குழாய் இருநூறு வீட்டுக் கழிவைத் தாங்கும், எட்டு சம்ப் பம்ப் முழு வேகத்தில் ஓடினால் அதே குழாய் நிரம்பிவிடும் என்பது நகராட்சிப் பிரசுரங்களில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு.

இதைக் கண்டுபிடிக்க அடியறைக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் பச்சைச் சாயம் கலந்து குழியில் ஊற்றி பம்பை ஓடவிட்டு, ஒருவர் தெரு மேன்ஹோலில் நின்று நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த வீட்டுக்கு உடனே அதே பச்சையைப் பயன்படுத்தினால் முந்தைய வீட்டு மிச்சம் குழப்பும். சிவப்புக்கு மாற வேண்டும். குழாயில் வளையும் ரப்பர் ஹோஸ் மாட்டியிருந்தால் அதுவும் தவறு. ஆய்வாளர் போன மாலையே அதைத் திருப்பித் தொட்டியில் போட்டுவிடுவார்கள். மாற்ற முடியாத கெட்டிக் குழாய் வெளிச்சுவரைத் தாண்டிப் போக வேண்டும் என்று விதிப்பது இதனால்.

ஒரு ஊரில் ஐயாயிரம் அடியறைக்கு ஐயாயிரம் வாரன்ட் வாங்க முடியாது. மறுத்தால் குற்றம் என்று சொல்லக் கமாரா தீர்ப்பு விடாது. எனவே பல சிற்றூர்கள், ஆய்வுச் சான்று தராத வீட்டுக்குக் கழிவுநீர்ப் பில்லில் மாதாமாதம் கூடுதல் கட்டணம் சேர்க்கின்றன. மழைநீரும் வருகிறது என்று வைத்துப் போட்ட கட்டணம், தண்டனையில்லை என்பது விளக்கம். எனக்கு இது கொஞ்சம் கண்கட்டு வித்தையாகவே படுகிறது. ஆனால் நகர ஆய்வாளரை உள்ளே விட மனமில்லாதவர், தாமே உரிமம் பெற்ற பிளம்பரை வைத்துப் பார்த்துச் சான்று தரலாம் என்ற வழி சேர்ந்திருந்தால் குறை சொல்ல முடியாது. நகராட்சிக்குத் தேவை குழாய் எங்கே போகிறது என்ற பதில். யார் கண்ணால் பார்த்தது என்பது முக்கியமில்லை.

வீடு கைமாறும் நாள்

இந்த யோசனையை அதன் கடைசிவரை கொண்டுபோனது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரை. ஓக்லண்ட், பெர்க்லி, அலமேடா, ஆல்பனி, எமரிவில், பீட்மான்ட் நகரங்களிலும் எல் செரிட்டோ பக்கத்து ஸ்டீஜ் வட்டாரத்திலும் கழிவுநீர் சேர்ந்து குடிநீரையும் கழிவுநீரையும் கவனிக்கும் பொது அமைப்பான ஈஸ்ட் பே மாவட்டத்தின் நிலையத்துக்குப் போகிறது. மழைக்காலத்தில் தாங்க முடியாமல் அரைகுறையாகச் சுத்திகரித்த நீர் விரிகுடாவில் கலந்ததால் முகமை வழக்குத் தொடுத்தது. 2014இல் எல்லோரும் சேர்ந்து சம்மதத் தீர்ப்பில், அதாவது நீதிமன்றம் தீர்ப்பாகப் பதிவு செய்யும் சமரசத்தில், கையெழுத்திட்டார்கள். ஓட்டையில் பெரும்பங்கு வீடுகளிலிருந்து தெருவுக்குப் போகும் பழைய மண்குழாய்களில். மர வேர் முதலில் நுழைவது அவற்றின் இணைப்புகளில்தான்.

அங்கே கதவைத் தட்டும் வேலையே இல்லை. வீட்டை விற்கும்போதும், 1,00,000 டாலருக்கு மேல் கட்டுமான வேலை செய்யும்போதும், தண்ணீர் மீட்டரின் அளவை மாற்றும்போதும் கழிவுநீர் இணைப்புக் குழாய் கசியவில்லை என்ற சான்றிதழ் வேண்டும். ஒப்பந்ததாரர் தெருப்பக்க முனையைக் காற்றடைத்த ரப்பர் அடைப்பானால் மூடி, குழாயைத் தண்ணீரால் நிரப்பியோ காற்றழுத்தம் கொடுத்தோ சோதிப்பார். மாவட்ட ஆய்வாளர் பக்கத்தில் நின்று பார்ப்பார். குழாய் முழுவதையும் புதிதாக மாற்றியிருந்தால் சான்றிதழ் 20 ஆண்டு செல்லும். பழைய குழாயே தேறியிருந்தாலோ பழுது பார்த்திருந்தாலோ 7 ஆண்டு. விற்பனை முடிவதற்குள் வேலை முடியாதென்றால் 4,500 டாலர் முன்வைப்புத் தொகை கட்டி 180 நாள் அவகாசம் வாங்கலாம். ஆய்வாளர் அப்போதும் தோட்டத்துக்குள் வரத்தான் வருகிறார். நாள் குறித்து அவரை வரச் சொல்வது வீட்டுக்காரர் தரப்பு. இதன் ஓட்டை, ஐம்பது ஆண்டு விற்காமல் அதே வீட்டில் இருப்பவரின் குழாய் சோதனைக்கே வராது என்பது. பழைய குழாய் அநேகமாக அவருடையதுதான்.

அங்கே வீடு வாங்கும் நம்மவர்களுக்கு: விலை பேசும் முன்பே அந்த முகவரிக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் சோதனைச் செலவும் குழாய் மாற்றும் செலவும் யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சான்றிதழ் வேண்டும் என்பது விதி, யார் பணம் கட்டுவது என்பது பேரம். 7 ஆண்டுச் சான்றிதழில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். சுவரோரம் குழாயைத் திறந்து பார்க்கும் வாய் இல்லாத பழைய வீடுகளில் சோதனைக்கு முன் அதைத் தோண்டிப் பொருத்தும் வேலையே ஒரு நாள் எடுக்கும். ஃப்ரீமாண்ட், நியூவார்க், யூனியன் சிட்டி பக்கம் வாங்குகிறவர்கள் இந்தச் சான்றிதழைத் தேட வேண்டாம். அவர்கள் கழிவுநீர் யூனியன் சானிட்டரி மாவட்டத்துக்குப் போகிறது.